பீரோவில் கிடக்கும் சிடிக்களுக்கு ஒரு பேரேடு எழுதுவோம்



தீர்மானப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, ரொக்கப் புத்தகம் எல்லாம் எழுத நமக்கு நன்றாகத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னால்கூட எழுதிவிடுவோம். இந்தப் பாடத்தில் இன்னொரு கணக்கு எழுதப் பழகப் போகிறோம். குழுவின் பீரோவிலும் டிரங்குப் பெட்டியிலும் வீட்டு அலமாரியிலும் கிடக்கிற சிடி, டிவிடிகளின் கணக்கு அது.

"சிடியா? அதெல்லாம் பழசாச்சே, இப்ப யாரும்மா பாக்குறாங்க?" என்று சிலர் கேட்பீர்கள். பழசு என்பதால்தான் இந்தப் பாடம் அவசரம். ஏன் என்று பார்ப்போம்.

ஏன் இந்த வேலை?

2000க்குப் பிறகு ஒரு பத்துப் பதினைந்து வருடம், நம் பகுதியில் எந்தக் கூட்டம் நடந்தாலும், எந்தப் பயிற்சி நடந்தாலும், முடிவில் ஒரு சிடி வந்தது. போட்டோ எடுத்தவர் சிடியில் போட்டுக் கொடுத்தார். பயனாளிகள் பட்டியல், குழுத் தரம் பிரித்த அறிக்கை, பயிற்சிப் பாடம், கலைநிகழ்ச்சி வீடியோ, எல்லாம் சிடிதான். அதை ஒரு கவரில் போட்டு பீரோவில் வைத்தோம். அதற்கு மேல் யாரும் தொடவில்லை.

அந்த வருடங்கள் நமக்குச் சாதாரண வருடங்கள் இல்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை வந்த சுனாமி, பெரிய காலாப்பட்டு, சின்ன காலாப்பட்டு, கனகசெட்டிக்குளம் என்று நம் கடற்கரை ஊர்களைப் புரட்டிப் போட்டது. புதுச்சேரி மாநிலத்தில் உயிரிழப்பு காரைக்கால் பகுதியில்தான் மிக அதிகம். ஆனாலும் நம் பக்கம் வீடு போனது, வலை போனது, படகு போனது, கையில் இருந்த காகிதங்களும் போயின. அதற்குப் பிறகு நிவாரணம், தற்காலிகக் குடியிருப்பு, புது வீடு என்று வருடக்கணக்கில் வேலை நடந்தது. உலக வங்கி உதவியோடு 2005ல் தொடங்கிய அவசர சுனாமி மறுசீரமைப்புத் திட்டமும் தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டிலும் நடந்தது. தொண்டு நிறுவனங்கள் பல வந்தன. கணக்கெடுத்தார்கள், படம் எடுத்தார்கள், பட்டியல் போட்டார்கள். அவற்றில் பல சிடியில் பதிந்து நம் கைக்கு வந்தன.

இப்போது ஒரு அக்கா வந்து கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "எங்க வீட்டுக்காரர் இல்லை. வீட்டுப் பத்திரத்துல பேர் மாத்தணும். அப்ப எந்தப் பட்டியல்ல, எந்தத் தேதியில எங்க பேர் வந்துச்சுன்னு கேக்கறாங்க. சாவி குடுத்தப்ப போட்டோ எடுத்தாங்களே, அது யார்கிட்டயாவது இருக்கா?"

இருக்கலாம், நம் பீரோவிலேயே இருக்கலாம். ஆனால் அறுபது சிடியில் எந்தச் சிடி? மேலே "போட்டோஸ்" என்று மட்டும் எழுதியிருக்கும். சிலவற்றில் அதுவும் இருக்காது. அறுபதையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க அந்த அக்காவுக்கு நேரம் இல்லை, நமக்கும் இல்லை. "தெரியலம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். எங்கே இருக்கிறது என்று தெரியாத பொருள் இருந்தும் இல்லாததுதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். சிடியில் இருக்கும் ஒரு படத்தை மட்டும் காட்டி எந்த அலுவலகத்திலும் வேலை முடிந்துவிடாது. ஆனால் படமும் பட்டியலும் கிடைத்தால் தேதி தெரியும், எந்தத் துறை கொடுத்தது என்று தெரியும், யார் முன்னிலையில் நடந்தது என்று தெரியும். அதை வைத்துச் சரியான மனு எழுதலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ன் கீழ் "இந்தத் தேதியில் இந்தத் துறை வெளியிட்ட இந்தப் பட்டியலின் நகல்" என்று குறிப்பாகக் கேட்டால் பதில் வரும் வாய்ப்பு அதிகம். பொதுவாக "எங்கள் வீட்டுக் காகிதம் வேண்டும்" என்று கேட்டால் அலையத்தான் வேண்டியிருக்கும்.

சிடி ஏன் கெட்டுப்போகிறது?

சிடி 1982ல் முதலில் ஜப்பானில் பாட்டுக் கேட்பதற்காக விற்பனைக்கு வந்தது. டிவிடி 1996ல் வந்தது. ஒரு சிடியில் சுமார் 700 எம்பி பிடிக்கும். சாதாரண டிவிடியில் 4.7 ஜிபி பிடிக்கும். அதாவது ஆறு ஏழு சிடியில் இருப்பது ஒரு டிவிடியில் அடங்கும்.

கடையில் விற்ற சினிமாப் பாட்டு சிடி அச்சில் வார்த்தது. நாம் கம்ப்யூட்டரில் பதிந்த சிடி வேறு மாதிரி. அதற்குள் ஒரு சாய அடுக்கு இருக்கிறது. லேசர் ஒளி அந்தச் சாயத்தைச் சுட்டுப் புள்ளி வைக்கிறது. அந்தப் புள்ளிகள்தான் நம் போட்டோ, நம் பட்டியல். வெயிலில் போட்ட சேலை வெளுப்பது போல, வெளிச்சமும் சூடும் பட்டால் அந்தச் சாயமும் மங்கும். கடலோர ஈரக்காற்றில் மேலே உள்ள பளபளப்பு அடுக்கு அரிக்கும். நாம் இருப்பதோ கடலோரம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. சிடியின் பளபளப்பான அடிப்பக்கம் கீறினால்தான் கெடும் என்று நினைக்கிறோம். உண்மையில் தகவல் இருக்கும் அடுக்கு, பெயர் எழுதுகிற மேல்பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. அதன் மேல் மெல்லிய பூச்சு மட்டுமே உண்டு. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் உள்ளே இருப்பது போய்விடும். பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டி அதைப் பிய்த்தாலும் போய்விடும்.

இதற்கெல்லாம் மேலே ஒரு சிக்கல் உண்டு. இப்போது வருகிற லேப்டாப்களில் சிடி போடுகிற இடமே பெரும்பாலும் இல்லை. இன்னும் சில வருடம் போனால் சிடி நன்றாக இருந்தாலும் போட்டுப் பார்க்க மிஷின் கிடைப்பது கஷ்டம். அதனால்தான் இப்போதே செய்யச் சொல்கிறோம்.

பட்டியல் இருந்தால் என்ன நன்மை? நம் ஊர் உதாரணங்கள்

கடன் பேரேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் உறுப்பினர் பெயரும் பக்க எண்ணும் இருக்கும். பெயரைப் பார்த்து நேராக அந்தப் பக்கத்துக்குப் போகிறோம். முழுப் பேரேட்டையும் யாரும் புரட்டுவதில்லை. சிடிக்கும் அதே முறைதான்.

நம் புதுச்சேரி இந்த விஷயத்தில் பேர் பெற்ற ஊர். 1955ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. புதுச்சேரியில் உள்ள சைவ ஓலைச்சுவடிகளை யுனெஸ்கோ 2005ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அதே நிறுவனத்தில் கோயில், சிற்பம் பற்றிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட போட்டோக்களும் உள்ளன. அவ்வளவு சுவடியில், அவ்வளவு படத்தில் வேண்டியதை எடுக்க முடிகிறது என்றால் காரணம் எண் போட்டுப் பட்டியல் எழுதியதுதான். பட்டியல் இல்லாத ஓலைக்கட்டு வெறும் ஓலைதான்.

நம் காலாப்பட்டில் 1985ல் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளை பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக இருந்தவர். 1736ல் ஆரம்பித்து 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் வந்தது, யார் யாரைப் பார்த்தார்கள், என்ன விலை என்று தேதி போட்டு எழுதினார். அந்தத் தேதி இருப்பதால்தான் இன்றும் ஒரு நாளைச் சொல்லி அன்றைக்கு என்ன நடந்தது என்று தேட முடிகிறது. தேதி, இடம், ஆள் என்ற இந்த மூன்றும் நம் பட்டியலுக்கும் உயிர்.

நம் காலத்திலும் ஓர் உதாரணம் உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் வில்லியனூர், ஏம்பலம், வீராம்பட்டினம் முதலான ஊர்களில் தகவல் மையங்களை நடத்தியது. அவற்றில் பெண்களும் தன்னார்வத் தொண்டர்களாகக் கம்ப்யூட்டர் இயக்கினார்கள். வீராம்பட்டினத்தில் அலை உயரத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்து ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். சுனாமி அன்று நல்லவாடு கிராமத்துக்கு, சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து எச்சரித்தார். அங்கிருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். ஊரே வெளியேறிப் பிழைத்தது. தகவல் சரியான நேரத்தில் கைக்கு வந்ததால் அந்த ஊர் தப்பியது.

வேலைக்கு முன் தேவையானவை

ஒன்று, சிடி டிரைவ். பழைய கம்ப்யூட்டரில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் யுஎஸ்பியில் மாட்டும் டிவிடி ரைட்டர் தனியாகக் கிடைக்கும். போட்டோ ஸ்டுடியோவிலோ தெரிந்தவரிடமோ கேட்டு வாங்கி வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கலாம்.

இரண்டு, எல்லாவற்றையும் சேமிக்க ஹார்ட் டிஸ்க் அல்லது பெரிய பென் டிரைவ். கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 சிடி என்றால் 40 பெருக்கல் 700, அதாவது 28,000 எம்பி, சுமார் 28 ஜிபி. 10 டிவிடி என்றால் 47 ஜிபி. மொத்தம் 75 ஜிபி. எல்லாம் முழுசாக நிரம்பியிருந்தாலும் ஒரு 128 ஜிபி பென் டிரைவில் அடங்கிவிடும். ஒரு பீரோ தட்டு முழுக்க இருப்பது விரல் நீளப் பொருளில் அடங்குகிறது!

மூன்று, நுனி மெத்தென்று இருக்கும் சிடி மார்க்கர் பேனா, மெல்லிய பருத்தித் துணி, ஒரு நீள நோட்டு.

நான்கு, மூன்று பேர். மிஷின் ஓட்ட ஒருவர், எழுத ஒருவர், படத்தைப் பார்த்து அடையாளம் சொல்ல ஒருவர். மிஷின் ஓட்டப் படிக்கிற பிள்ளைகள் யாரையாவது கூப்பிடலாம். அடையாளம் சொல்ல மட்டும் பழைய உறுப்பினர்தான் வேண்டும். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

வேலை செய்யும் முறை

படி 1: எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்க்கவும். ஊக்குநர், பிரதிநிதி, பழைய பொறுப்பாளர்கள் வீட்டில் இருப்பதையும் கேட்டு வாங்கவும். யாரிடமிருந்து எத்தனை வாங்கினோம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளவும்.

படி 2: எண் போடவும். 001, 002, 003 என்று வரிசையாகப் போட்டால் போதும். "பயிற்சிக்கு ப, சுனாமிக்கு சு" என்று வகை பிரித்து எண் போட வேண்டாம். ஏனென்றால் ஒரே சிடியில் பயிற்சியும் இருக்கும், மகளிர் தின விழாவும் இருக்கும், எந்த வகையில் வைப்பது என்று சண்டை வரும். எண் என்பது சிடியின் கதவு எண் மாதிரி, அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பட்டியல் சொல்லும். நாளைக்கு ஒரு சிடி வந்தால் அடுத்த எண்ணைக் கொடுத்துவிடலாம். எண்ணை மார்க்கர் பேனாவால் சிடியின் நடு ஓட்டையைச் சுற்றியுள்ள தெளிவான பகுதியில் எழுதவும். அதே எண்ணைக் கவரிலும் எழுதவும். கவரில் முன்பே யாராவது எழுதியது இருந்தால் அதை அழிக்க வேண்டாம். அதுவும் ஒரு தகவல்தான்.

படி 3: துடைக்கவும். ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நேர்கோட்டில் துடைக்க வேண்டும். தோசைக்கல் துடைப்பது போலச் சுற்றித் துடைக்கக் கூடாது.

படி 4: டிரைவில் போட்டு முழுவதையும் காப்பி எடுக்கவும். ஹார்ட் டிஸ்க்கில் 001 என்று ஒரு ஃபோல்டர் போட்டு, 001 எண் சிடியில் உள்ளதெல்லாம் அதற்குள் போக வேண்டும். இப்படிச் செய்தால் ஒரே எண் சிடிக்கும் பொருந்தும், ஹார்ட் டிஸ்க்குக்கும் பொருந்தும். ஃபைல்களின் பெயரை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம். காப்பி முடிந்ததும் நான்கைந்து ஃபைலைத் திறந்து பார்த்து உறுதி செய்யவும்.

சில சிடி பாதியில் நின்றுவிடும். உடனே தூக்கிப் போடாதீர்கள். மறுபடி துடைத்துப் போடுங்கள். வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக எடுக்காமல் ஃபைல் ஃபைலாக எடுத்தால் கெடாத பகுதியாவது மிஞ்சும். எடுக்க முடியாததைப் பட்டியலில் "பாதி வந்தது" என்று எழுதி, சிடியைத் தனியாக வைத்துவிடுங்கள்.

படி 5: ஃபைல்களின் பெயர்ப் பட்டியலை மிஷினே எடுக்கட்டும். இதற்கென்று சாஃப்ட்வேர்கள் உண்டு. விர்ச்சுவல் வால்யூம்ஸ் வியூ என்பது இலவசமாகக் கிடைப்பது. ஒவ்வொரு சிடியையும் ஒருமுறை காட்டினால் உள்ளே உள்ள எல்லா ஃபைலின் பெயரையும் அது குறித்துவைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு சிடி உள்ளே இல்லாமலே பெயரைப் போட்டுத் தேடலாம். எந்தச் சிடியில் இருக்கிறது என்று சொல்லும். சாஃப்ட்வேர் வேண்டாம் என்றால் விண்டோஸில் ஃபைல்களை எல்லாம் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு மவுஸின் வலது பொத்தானை அமுக்கினால் "காப்பி ஆஸ் பாத்" என்று வரும். அதைக் கொடுத்து எக்ஸெலில் ஒட்டினால் பெயர்ப் பட்டியல் வந்துவிடும்.

படி 6: இதுதான் முக்கியமான படி. மனிதர்கள் எழுதும் பட்டியல். மிஷின் எடுத்த பட்டியலில் "டிஎஸ்சி 00014", "ஐஎம்ஜி 0231" என்றுதான் இருக்கும். கேமரா வைத்த பெயர் அது. வீடியோ சிடி என்றால் எல்லாச் சிடியிலும் ஒரே மாதிரிப் பெயர்தான் வரும். அதில் இருப்பது யார், எந்த ஊர், என்ன விழா என்று எந்தச் சாஃப்ட்வேருக்கும் தெரியாது. நம் ஆட்களுக்குத்தான் தெரியும்.

எக்ஸெலில், அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில், கீழ்க்கண்ட தலைப்புகளைப் போடுங்கள். கம்ப்யூட்டர் இல்லாத குழு இதே தலைப்புகளை நீள நோட்டில் கோடு போட்டு எழுதலாம்.

1. சிடி எண்
2. என்ன வகை: போட்டோ, வீடியோ, எழுத்து, கணக்கு
3. என்ன நிகழ்ச்சி அல்லது பொருள்
4. ஊர்
5. குழு
6. தேதி அல்லது வருடம்
7. யார் யார் இருக்கிறார்கள்
8. யார் கொடுத்த சிடி
9. நிலை: நல்லது, பாதி, திறக்கவில்லை
10. யார் பார்க்கலாம்: எல்லோரும், தனி
11. அடையாளம் சொன்னவர், எழுதிய தேதி

ஒரு சிடியில் 300 போட்டோ இருந்தால் 300 வரி எழுத வேண்டாம். ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு வரி போதும். சிடியில் மூன்று நிகழ்ச்சி இருந்தால் அதே சிடி எண்ணை மூன்று வரியில் எழுதுங்கள். வீட்டுச் சாவி கொடுப்பது, பட்டியல் ஒட்டிய பலகை, கையெழுத்துப் போடும் படம் போன்ற முக்கியமானவற்றுக்கு மட்டும் ஃபைல் பெயரோடு தனி வரி எழுதுங்கள்.

மாதிரிக்கு இரண்டு பதிவு:

சிடி எண் 017. போட்டோ. மீன் ஊறுகாய், கருவாடு தயாரிப்புப் பயிற்சி. ஊர்: பெரிய காலாப்பட்டு. தேதி: சரியாகத் தெரியவில்லை, சுனாமிக்குப் பின், புது வீடு வருவதற்கு முன். நிலை: நல்லது. எல்லோரும் பார்க்கலாம்.

சிடி எண் 023. எழுத்து. நிவாரணம் பெற்றவர் பட்டியல், வங்கிக் கணக்கு எண்ணோடு. ஊர்: சின்ன காலாப்பட்டு. வருடம்: 2005. நிலை: பாதி. தனி.

தேதி எழுதும்போது ஜாக்கிரதை. கேமராவில் தேதி சரியாக வைக்காமல் எடுத்திருந்தால் ஃபைலில் காட்டும் தேதி தப்பாக இருக்கும். சிடியில் பதிந்த நாளுக்கும் படம் எடுத்த நாளுக்கும் வித்தியாசம் இருக்கும். சந்தேகம் இருந்தால் "சுனாமிக்குப் பின்", "2011 டிசம்பர் தானே புயலுக்கு முன்" என்று எழுதுங்கள். தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதுவதும் நல்ல கணக்குதான்.

படி 7: இரண்டு பிரதி, இரண்டு இடம். ஒன்று கூட்டமைப்பு அலுவலகத்தில். இன்னொன்று கடலுக்குத் தள்ளி, மேடான இடத்தில் உள்ள வீட்டில் அல்லது வேறு அலுவலகத்தில். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் நம் பக்கம் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை மறக்க முடியுமா? ஒரே பீரோவில் இரண்டு பிரதி வைத்தால் தண்ணீர் இரண்டையும் சேர்த்துத்தான் கொண்டுபோகும். சிடிக்களை மூடியுள்ள பெட்டியில் நிற்கிற மாதிரி அடுக்கி, வெயில் படாமல் வைக்கவும்.

தேடினால் கிடைக்க வேண்டும்: தமிழ் எழுத்தும் பெயரும்

எக்ஸெலில் கன்ட்ரோல் விசையையும் எஃப் விசையையும் சேர்த்து அழுத்தினால் தேடும் பெட்டி வரும். சொல்லைப் போட்டால் அந்த வரி வரும். ஆனால் கம்ப்யூட்டர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் காட்டும். நம்மைப் போல "அதாம்மா, அந்த ஊரு" என்று புரிந்துகொள்ளாது. அதனால் மூன்று விஷயம் கவனிக்கணும்.

முதலாவது, ஊர்ப் பெயர். ஒருவர் "பெரிய காலாப்பட்டு" என்று இடம் விட்டு எழுதுவார், ஒருவர் "பெரியகாலாப்பட்டு" என்று சேர்த்து எழுதுவார், இன்னொருவர் "பெ.காலாப்பட்டு" என்பார். தேடினால் ஒன்று கிடைக்கும், இரண்டு கிடைக்காது. வேலை தொடங்கும்போதே ஊர், குழு, நிகழ்ச்சி வகை இவற்றின் பெயரை எப்படி எழுதுவது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எல்லோரும் அதைப் பார்த்தே எழுத வேண்டும்.

இரண்டாவது, மாறிப்போன பெயர். பாண்டிச்சேரி என்ற பெயர் 2006ல் புதுச்சேரி என்று அதிகாரபூர்வமாக மாறியது. அதற்கு முந்தைய ஃபைல்களில் பாண்டிச்சேரி என்றே இருக்கும். இரண்டையும் போட்டுத் தேட வேண்டும். பெயர் மாற்றிய குழுக்களுக்கும் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் எழுதுங்கள்.

மூன்றாவது, எழுத்துரு. அந்தக் காலத்தில் பாமினி, டாம், டாப் போன்ற எழுத்துருக்களில் தமிழ் அடித்தோம். அவற்றில் கண்ணுக்குத் தெரிவது தமிழ், உள்ளே இருப்பது வேறு குறிகள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் கோணல்மாணலாக ஆங்கில எழுத்தும் குறியும்தான் தெரியும். "ஐயோ, ஃபைல் கெட்டுப்போச்சு" என்று அழித்துவிடாதீர்கள். அது கெடவில்லை. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகளில் போட்டால் யூனிகோடு தமிழாக மாறிவிடும். நாம் இப்போது எழுதும் பட்டியலை யூனிகோடில் மட்டும் எழுத வேண்டும். செல்போனில் நாம் அடிக்கும் தமிழ் யூனிகோடுதான், அதனால் பட்டியலைப் போனிலும் தேடலாம். பேஜ்மேக்கரில் செய்த பழைய இதழ்களும் நோட்டீஸ்களும் திறக்காமல் போகலாம். அதன் கடைசிப் பதிப்பே 2001ல் வந்ததுதான். திறக்காவிட்டால் "திறக்கவில்லை" என்று எழுதி, ஃபைலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

யார் பார்க்கலாம்?

நம் சிடிக்களில் விழாப் படம் மட்டும் இல்லை. வங்கிக் கணக்கு எண், ரேஷன் கார்டு எண், உடல்நலக் கணக்கெடுப்பு, கடன் கட்டாதவர் பட்டியல் எல்லாம் இருக்கும். சுனாமி சிடிக்களில் பார்க்கவே மனசு தாங்காத படங்களும் இருக்கும். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது முன்னறிவிப்பு இல்லாமல் அந்தப் படத்தைத் திறக்கக் கூடாது. அப்படிப்பட்ட சிடி என்று தெரிந்தால் முதலில் இரண்டு பேர் மட்டும் பார்த்து, பத்தாவது தலைப்பில் "தனி" என்று எழுதிவிடுங்கள்.

"தனி" என்றால் யாருக்கும் இல்லை என்று பொருள் இல்லை. அந்தக் குடும்பம் கேட்டால் கொடுக்க வேண்டும். மற்றவர் கேட்டால் கூட்டத்தில் தீர்மானம் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். எந்தப் படத்தையும் வாட்ஸ்அப் குழுவில் விளையாட்டாகப் போட வேண்டாம். யார் என்ன வாங்கிப் போனார்கள் என்று ஒரு வழங்கல் பதிவேடு வையுங்கள்.

சகோதரிகள் கேட்கும் கேள்விகள்

"எங்களுக்குக் கம்ப்யூட்டரே தெரியாதே?"
கம்ப்யூட்டர் தெரிந்தவர் ஒருவர் போதும். இந்த வேலையில் பெரும்பகுதி பார்ப்பதும் நினைவுபடுத்துவதும் எழுதுவதும்தான். எழுதத் தெரியாத ஆயாவும் இதில் பெரிய உதவி செய்ய முடியும். 2005ல் எடுத்த படத்தில் மூன்றாவதாக நிற்பவர் யார் மருமகள் என்று அவருக்குத்தான் தெரியும்.

"எத்தனை நாள் ஆகும்?"
வாரம் ஒரு நாள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து மூன்று சிடி முடித்தால், 60 சிடிக்கு 20 வாரம். ஐந்து மாதம். அவசரப்பட வேண்டாம், ஆனால் வாரம் தவற விட வேண்டாம். முதலில் வீடு, நிலம், நிவாரணம் பற்றிய சிடிக்களை எடுங்கள். பாட்டும் கோலப்போட்டியும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

"காப்பி எடுத்த பிறகு சிடியைத் தூக்கிப் போடலாமா?"
வேண்டாம். இரண்டு பிரதியும் சரியாக இருக்கிறதா என்று ஒரு வருடம் பாருங்கள். அதற்குப் பிறகு கூட்டத்தில் முடிவு செய்யுங்கள். பென் டிரைவும் ஹார்ட் டிஸ்க்கும்கூட நிரந்தரம் இல்லை. வருடம் ஒருமுறை, தணிக்கை நேரத்தில், அதையும் திறந்து பார்க்க வேண்டும்.

"படத்தில் இருப்பவர் யார் என்று இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால்?"
இரண்டையும் எழுதி, சொன்னவர் பெயரையும் எழுதுங்கள். பின்னால் மூன்றாவது ஆள் வந்து தீர்த்துவைப்பார்.

இதைத் தள்ளிப்போடக் கூடாது

சிடி கெட்டுப்போனால்கூட வேறு யாரிடமாவது ஒரு பிரதி இருக்கலாம். ஆனால் படத்தைப் பார்த்து "இது இன்னார், இது அந்தத் தெரு, அன்னைக்கு இதுதான் நடந்துச்சு" என்று சொல்லக்கூடியவர்களுக்குப் பிரதி கிடையாது. சுனாமி நடந்து 20 வருடம் தாண்டிவிட்டது. அப்போது ஐம்பது வயதில் குழு நடத்திய அம்மாக்களுக்கு இப்போது எழுபதுக்கு மேல். சிலர் இப்போது இல்லை. கண்பார்வையும் ஞாபகமும் இருக்கிறபோதே அவர்களை ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஒரு டீ கொடுத்து, படத்தைக் காட்டிக் கேட்க வேண்டும். இரண்டு ரூபாய் சேமிப்பைக்கூடக் கணக்கில் எழுதி வளர்த்த குழு நம் குழு. நம் பெண்கள் பட்ட பாட்டையும் செய்த வேலையையும் எழுதாமல் விடலாமா?

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. நம் குழுவில், பழைய பொறுப்பாளர்கள் வீட்டில், மொத்தம் எத்தனை சிடி, டிவிடி இருக்கும்?
2. அவற்றில் வீடு, நிலம், நிவாரணம் சம்பந்தப்பட்டவை எவை?
3. அடையாளம் சொல்லக்கூடிய மூத்த உறுப்பினர்கள் யார் யார்?
4. இரண்டாவது பிரதியை எந்த இடத்தில் வைக்கலாம்?
5. "தனி" என்று குறித்ததைக் கொடுக்க யாருக்கு அதிகாரம்?

அடுத்த கூட்டத்துக்குள் செய்ய வேண்டியது

எல்லாச் சிடியையும் ஒன்றுசேர்த்து எண் மட்டும் போட்டு, எத்தனை என்று எண்ணி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்த எண்ணிக்கை கைக்கு வந்ததும் எந்தக் குழுவுக்கு எந்த வாரம் டிவிடி டிரைவ் என்று கூட்டமைப்பில் சேர்ந்து முறை வைத்துக்கொள்ளலாம். வேலையை 001லிருந்து தொடங்குவோம்.